மூளை தண்டுவடத்துக்கு என்ன சொல்கிறது?

பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒருவரிடம் நரம்பியல் மருத்துவர் செய்யும் சோதனைகளில் மிக எளியது, உள்ளங்காலைக் கீறிப் பார்ப்பது. சாவியின் முனையோ சுத்தியலின் மழுங்கிய கைப்பிடியோ போதும். குதிகாலிலிருந்து பாதத்தின் வெளியோரமாக மேலேறி, விரல்களுக்குக் கீழே உட்புறமாக வளைத்து ஒரு கோடு இழுக்கிறார். நலமாக இருப்பவருக்குக் கால் கட்டைவிரல் கீழே மடங்கும். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதை சேதமடைந்திருந்தால் கட்டைவிரல் மேல்நோக்கி எழும். மற்ற விரல்கள் விரிந்துகொள்ளும். 1896இல் பாரிஸ் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி ஒரு சிறு குறிப்பாக இதை வெளியிட்டார். ஸ்கேன் கருவிகள் நிறைந்துவிட்ட இன்றைய மருத்துவமனைகளிலும் இந்தச் சோதனை நாள்தோறும் நடக்கிறது.

இதில் ஒரு விநோதம் இருக்கிறது. சோதிக்கப்படுவது மூளையின் கட்டளைகளைச் சுமந்து இறங்கும் பாதை. ஆனால் நோயாளியிடம் எதையும் அசைக்கச் சொல்வதில்லை; நினைவில்லாமல் கிடப்பவரிடமும் இதைச் செய்யலாம். கொடுக்கப்படுவது வெறும் தொடுகை. அந்தத் தொடுகையின் செய்தி தண்டுவடத்தின் கீழ்ப்பகுதிக்குப் போகிறது, அங்கிருந்தே தசைக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்று முடிய மூளை வேண்டியதில்லை. ஆனாலும் மூளையிலிருந்து வரும் பாதை அறுந்தால் விடை தலைகீழாகிறது. அப்படியென்றால், கட்டளை எதுவும் போகாத நேரத்திலும் அந்தப் பாதை சும்மா இருந்ததில்லை. தோலில் விழும் ஒரு கீறலைத் தண்டுவடம் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அது முன்கூட்டியே வகுத்து வைத்திருந்தது.

பச்சிளங்குழந்தைக்கும் கட்டைவிரல் மேலேதான் எழும். இறங்கும் நரம்பிழைகளின் மேல் மையலின் என்னும் கொழுப்புறை இன்னும் முழுதாகப் படியாத பருவம் அது. உறை படியப் படிய, ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள், விடை மாறுகிறது. பிள்ளை எழுந்து நின்று நடை பழகும் காலமும் ஏறக்குறைய அதுவே.

மூளையிலிருந்து இறங்கும் பாதைகள் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகின்றன என்று நாம் பள்ளியில் படித்தது பாதி உண்மை. எந்த உணர்வைத் தண்டுவடம் கேட்க வேண்டும், எதைத் தணிக்க வேண்டும், கேட்டதற்கு எந்த வகையில் மறுமொழி தர வேண்டும் என்பதையும் அதே பாதைகள்தாம் நிர்ணயிக்கின்றன. இந்த மறுபாதியை விட்டுவிட்டால் ஒரு விரல் அசைவைக்கூட விளக்க முடியாது என்பது என் துணிபு. கடந்த அறுபது ஆண்டு ஆய்வுகள் அந்தப் பக்கமே சாய்கின்றன.

இரண்டு வேர்கள், ஒரு பிரிவினை

தண்டுவடம் சுமார் 45 சென்டிமீட்டர் நீளமுள்ள, சுண்டுவிரல் தடிமனே உள்ள ஒரு நரம்புத் தண்டு. அதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளம்புகின்றன. ஒவ்வொரு நரம்பும் தண்டுவடத்தோடு முன்வேர், பின்வேர் என இரண்டாகப் பிரிந்து இணைகிறது. லண்டனில் சார்லஸ் பெல் 1811இல் நண்பர்களுக்காக அச்சிட்ட ஒரு சிறு நூலில், முன்வேரைத் தொட்டால் தசை துடிப்பதைக் குறித்திருந்தார். 1822இல் பாரிஸில் பிரான்சுவா மஜாந்தி நாய்க்குட்டிகளிடம் வேர்களைத் தனித்தனியே வெட்டிப் பார்த்தார். பின்வேர் அறுந்தால் உணர்வு போனது, அசைவு இருந்தது. முன்வேர் அறுந்தால் அசைவு போனது. யார் முதலில் கண்டார் என்ற சண்டை நெடுங்காலம் நடந்து, கடைசியில் இருவர் பெயரும் சேர்ந்தே அந்த விதிக்கு நிலைத்தன.

விதி சரியானது. ஆனால் அதன் வெற்றி ஒரு மனப்பழக்கத்தை உண்டாக்கியது. உணர்வு ஒரு வாசலில் உள்ளே வருகிறது, இயக்கம் இன்னொரு வாசலில் வெளியே போகிறது, இரண்டும் தனித்தனித் துறைகள் என்ற எண்ணம் மூளை வரைக்கும் நீண்டது. 1870இல் பெர்லினில் ஃபிரிட்ஷும் ஹிட்சிக்கும் நாயின் மூளைப்புறணியின் முன்பகுதியில் மெல்லிய மின்சாரம் செலுத்தி எதிர்ப்பக்கக் காலை அசைய வைத்தார்கள். 1937இல் மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை அறுவை மேசையில் தொட்டுத் தொட்டு வரைபடம் வரைந்தார். நடுப்பள்ளத்துக்கு முன்னே இயக்கப் பட்டை, பின்னே உணர்வுப் பட்டை. அந்தப் படம் இன்றும் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. முன்பட்டையைத் தொட்டபோது சில நேரம் நோயாளி தன் கையில் ஏதோ உணர்ந்ததாகச் சொன்னதும், பின்பட்டையைத் தொட்டபோது சில நேரம் கை அசைந்ததும் பென்ஃபீல்டின் பதிவுகளிலேயே உள்ளன. படம் நிலைத்தது, இந்தக் கலப்பு மறந்துபோனது.

கலப்பு எங்கே இருக்கிறது என்பதைப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு நேராக இறங்கும் பெரும்பாதையே காட்டிக்கொடுக்கிறது. ஒரு பக்கத்துக்குச் சுமார் 10 லட்சம் நரம்பிழைகள். முகுளத்தின் முன்புறத்தில் அவை திரண்டு, பிரமிடு என்று பெயர்பெற்ற இரண்டு புடைப்புகளாகத் தெரிகின்றன. அங்கிருந்து சற்றுக் கீழே முக்கால் பங்குக்கும் மேற்பட்டவை எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டுகின்றன. இடப்பக்க மூளையில் அடைப்பு வந்தால் வலக்கை விழுவது இதனால்தான். 1710இல் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் பூர்ஃபூர் து பெத்தி இந்தக் குறுக்கோட்டத்தை விளக்கினார். 1874இல் கீவ் நகரின் விளாதிமிர் பெட்ஸ், இயக்கப் பட்டையில் பூதாகரமான நரம்பணுக்களைக் கண்டபோது, கட்டளையின் ஊற்று அகப்பட்டுவிட்டதாகவே பலர் நினைத்தார்கள். பிறகு எண்ணிப் பார்த்தபோது அந்தப் பெரிய அணுக்கள் முப்பதாயிரம் சொச்சம்தான் தேறின. 10 லட்சத்தில் அவை நூற்றுக்கு மூன்று. மீதி இழைகள் பெரும்பாலும் மெலிந்தவை, மெதுவாகச் செய்தி கடத்துபவை.

அந்த மீதி எங்கிருந்து கிளம்புகின்றன? ஏறத்தாழ மூன்றில் ஒன்று இயக்கப் பட்டையிலிருந்து. இன்னொன்று அதற்கு முன்னால் உள்ள, அசைவைத் திட்டமிடும் பகுதிகளிலிருந்து. மூன்றாவது பங்கு உணர்வுப் பட்டையிலிருந்தும் அதன் பின்புறத்திலிருந்தும். உணர்வைப் பெற்றுக்கொள்வது மட்டுமே வேலை என்று நாம் நினைத்திருக்கும் பகுதி, இத்தனை இழைகளைக் கீழே அனுப்புவானேன்? அவை போய்ச் சேரும் இடத்தைப் பார்த்தால் விடை துலங்கும். தசையை இயக்கும் நரம்பணுக்கள் தண்டுவடத்தின் முன்கொம்பில் இருக்கின்றன. உணர்வுப் பட்டையின் இழைகள் அங்கே அதிகம் போவதில்லை. தொடுகையும் வலியும் முதன்முதலாக வந்து இறங்கும் பின்கொம்பில்தான் அவை முடிகின்றன. எலியின் இடுப்புத் தண்டுவடத்தில் இந்தப் பாதையின் முதன்மையான வேலையே உள்வரும் உணர்வைச் சீரமைப்பதுதான் என்று 2021இல் மொரேனோ-லோபெஸ் குழுவினர் காட்டினார்கள்.

குரங்கின் கை சொன்னது

எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழியில் இந்தப் பாதை ஒரு புதிய வேலையை ஏற்றுக்கொண்டது. சில குரங்குகளிலும், வாலில்லாக் குரங்குகளிலும், மனிதரிலும் புறணியின் இழைகள் இடையில் யாரையும் நாடாமல் கைத்தசைகளின் நரம்பணுவையே நேராகத் தொடுகின்றன. இந்த நேரடித் தொடர்பு என்ன தருகிறது என்பதை லாரன்ஸ், கைப்பர்ஸ் என்னும் இருவர் 1968இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நரம்பியல் வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் ஆய்வுகளில் இது ஒன்று.

ரீசஸ் குரங்குகளின் இரண்டு பிரமிடுகளையும் அவர்கள் அறுத்தார்கள். கட்டளைப் பாதை முழுதும் போய்விட்டது. குரங்கு அசையாமல் கிடக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பார்கள். சில வாரங்களில் அவை உட்கார்ந்தன, ஓடின, கூண்டுக் கம்பிகளில் ஏறின. திரும்பி வராமலே போனது ஒன்றுதான்: விரல்களைத் தனித்தனியே அசைக்கும் திறன். சிறு குழியில் வைத்த தீனியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி எடுக்க அவற்றால் முடியவில்லை. கை முழுவதையும் சேர்த்தே மூட முடிந்தது. இன்னொன்றையும் கவனித்தார்கள். கையில் பிடித்த தீனியை விடுவதற்குக் குரங்கு திணறியது. அதே கை, கம்பியில் ஏறும்போது பிடியை எந்தத் தடங்கலும் இல்லாமல் விட்டுவிட்டு அடுத்த கம்பியைப் பிடித்தது. தசைகள் ஒன்றே. எந்தக் காரியத்துக்காக என்பது மாறியதும் வழிநடத்தும் பாதையும் மாறியது.

ஏறுவதையும் நிற்பதையும் பார்த்துக்கொண்டவை, மூளைத்தண்டிலிருந்து இறங்கும் பழைய பாதைகள். உட்காதின் சமநிலை உறுப்பிலிருந்து செய்தி பெற்று உடலை நிமிர்த்திப் பிடிக்கும் பாதை. மூளைத்தண்டின் வலைப்பின்னல் பகுதியிலிருந்து புறப்பட்டு முதுகையும் இடுப்பையும் கால்களையும் ஒருசேர ஆளும் பாதை. நடுமூளையின் சிவப்புக் கருவிலிருந்து கைகளுக்கு வரும், மனிதரில் மிகவும் சுருங்கிவிட்ட பாதை. இரண்டாவது ஆய்வில் லாரன்ஸும் கைப்பர்ஸும் உடலின் நடுப்பகுதியை ஆளும் பாதைகளை அறுத்தபோது குரங்கால் நிமிர்ந்து உட்காரவே இயலவில்லை. ஆனால் உடம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டால் கையால் தீனியை எடுத்தது.

பக்கவாதத்துக்குப் பிறகு பலருடைய கை மடங்கி இறுகிப்போவதற்கும் இங்கே ஒரு விளக்கம் கிடைக்கிறது. 2012இல் நியூகாசில் ஆய்வாளர்கள், பிரமிடு சேதமான குரங்குகளில் மூளைத்தண்டின் வலைப்பின்னல் பாதை வலுப்பெறுவதைக் கண்டார்கள். வலுப்பெற்ற தொடர்புகள் மடக்கும் தசைகளுக்கே போயின, விரிக்கும் தசைகளுக்குப் போகவில்லை. மூடிய விரல்களைத் திறப்பது ஏன் அத்தனை கடினம் என்று நோயாளியும் வீட்டாரும் கேட்கும் கேள்விக்கு இது முழு விடை ஆகாது என்றாலும் நல்ல தொடக்கம்.

தண்டுவடம் ஊமையல்ல

இறங்கும் செய்தியைப் பெறுகிற இடமும் வெறும் கம்பித் தொடர் அன்று. 1911இல் தாமஸ் கிரஹாம் பிரௌன், தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனையின் பின்வேர்களையும் அறுத்துவிட்ட பிறகு, கால்தசைகள் நடையின் தாளத்தில் மாறி மாறிச் சுருங்குவதைக் கண்டார். மூளையும் இல்லை, உணர்வும் இல்லை. நடையின் அடிப்படைத் தாளம் தண்டுவடத்திலேயே இருக்கிறது. 1966இல் மாஸ்கோவில் ஷிக், செவெரின், ஒர்லோவ்ஸ்கி மூவரும் பூனையின் நடுமூளையில் ஒரு புள்ளியைத் தூண்டினார்கள். குறைந்த மின்சாரத்தில் பூனை நடந்தது, கூட்டினால் துள்ளோட்டம், மேலும் கூட்டினால் பாய்ச்சல். எந்தத் தசை எப்போது சுருங்க வேண்டும் என்று மேலிருந்து எவரும் சொல்லவில்லை. போனது ஒரு வேண்டுகோள். விவரங்களைத் தண்டுவடம் பார்த்துக்கொண்டது.

அந்த விவரங்களில் உணர்வு எப்படி நுழைகிறது என்பதற்கு ஸ்வீடனில் 1970களில் ஃபோர்ஸ்பெர்க், கிரில்னர், ரோசிஞோல் செய்த சோதனை தெளிவான சான்று. தண்டுவடம் அறுபட்ட பூனை ஓடுபட்டையில் நடக்கிறது. காலைத் தூக்கி வீசும் நேரத்தில் பாதத்தின் மேற்புறத்தை ஒரு குச்சி தொட்டால் கால் இன்னும் மேலே மடங்கித் தடையைத் தாண்டுகிறது. அதே கால் தரையில் ஊன்றி உடலைத் தாங்கும் நேரத்தில் அதே தொடுகை விழுந்தால், கால் மடங்குவதற்குப் பதிலாக மேலும் நீண்டு ஊன்றுகிறது. தோல் ஒன்று, நரம்பு ஒன்று, தொடுகை ஒன்று. மறுமொழிகள் நேரெதிர். மறுமொழியைத் தீர்மானித்தது, அந்தக் கணத்தில் தண்டுவடத்தின் சுற்றுகள் என்ன நிலையில் இருந்தன என்பதே.

இங்கேதான் இறங்கும் பாதைகளின் உண்மையான அதிகாரம் இருக்கிறது என்று நினைக்கிறேன். தசை நரம்பணுவை நேராகத் தொடுவதைவிட, இடையிலுள்ள நரம்பணுக்களின் நிலையை மாற்றுவதே அவற்றின் பெரிய வேலை. நிலை மாறினால், உடலிலிருந்து வரும் ஒவ்வொரு உணர்வுக்கும் பொருள் மாறுகிறது.

கேட்பதைத் தணித்தல்

கையை நீட்டினால் தோல் இழுபடுகிறது, தசை நீள்கிறது, மூட்டு வளைகிறது. ஒவ்வொன்றும் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகிறது. அத்தனையும் முழு வலிமையோடு உள்ளே வந்தால் நீளும் தசை தன்னை எதிர்த்துச் சுருங்கும், அசைவு தன்னைத்தானே இடறும். இதைத் தடுக்க ஒரு நேர்த்தியான ஏற்பாடு இருக்கிறது. உணர்வு நரம்பின் நுனி தண்டுவடத்தில் அடுத்த நரம்பணுவைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்பே, ஒரு சிறிய இடைநரம்பணு அந்த நுனியின் மேல் உட்கார்ந்து, வெளியாகும் வேதிப்பொருளின் அளவைக் குறைக்கிறது. செய்தி போய்ச் சேருவதற்கு முன்பே மெலிகிறது. 1957இல் ஃபிராங்கும் ஃபுவார்டெஸும் இதன் தடயத்தைக் கண்டார்கள். ஜான் எக்கிள்ஸ் அடுத்த சில ஆண்டுகளில் அதை விரிவாக ஆராய்ந்தார்.

மயக்கத்தில் இருக்கும் பூனையில் கண்டது, விழித்திருந்து வேலை செய்யும் விலங்கிலும் நடக்கிறதா என்ற கேள்விக்கு 2003இல் விடை வந்தது. சியாட்டிலில் செக்கி, பெர்ல்மட்டர், ஃபெட்ஸ் மூவரும் மணிக்கட்டை அசைக்கப் பழக்கிய குரங்குகளின் தண்டுவடத்தில் பதிவு எடுத்தார்கள். குரங்கு தானாக மணிக்கட்டை அசைக்கும்போது, கைத்தோலிலிருந்து வரும் செய்தி தண்டுவடத்தின் வாசலிலேயே தணிக்கப்பட்டது. தணித்தது மேலிருந்து இறங்கிய கட்டளைதான் என்பதையும் அவர்கள் காட்டினார்கள். நடந்துகொண்டிருக்கும்போது சட்டை தோளில் உரசுவதை நாம் பெரும்பாலும் உணராததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தத் தணிப்பை நீக்கினால் என்ன ஆகும்? 2014இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஃபிங்க், தாமஸ் ஜெஸ்ஸல் குழுவினர் சுண்டெலிகளின் தண்டுவடத்தில் அந்த இடைநரம்பணுக்களை மட்டும் அகற்றினார்கள். எலி தீனியை எடுக்கக் கையை நீட்டியதும் கை முன்னும் பின்னும் அதிர்ந்தது. தசைக்கு வலிமைக் குறைவு இல்லை, கட்டளைக்கும் குறை இல்லை. உணர்வு அளவுக்கு மீறிக் கேட்டதால் அசைவு குலைந்தது.

உணர்வே வராமல் போனால்? அதன் விளைவு இதைவிடக் கொடியது. 1895இல் மாட்டும் ஷெரிங்டனும் குரங்கின் ஒரு கைக்கு வரும் பின்வேர்களை மட்டும் அறுத்தார்கள். கட்டளைப் பாதை முழுதாக இருந்தும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்தவே இல்லை. வாதம் வந்த கையாக அது தொங்கியது. பல பத்தாண்டுகள் கழித்து எட்வர்ட் டாப், நல்ல கையைக் கட்டிவைத்தால் குரங்கு உணர்விழந்த கையையும் பயன்படுத்தும் என்று காட்டினார். நல்ல கையைக் கட்டுப்படுத்தி, விழுந்த கைக்கு வேலை கொடுக்கும் பக்கவாதப் பயிற்சி அதிலிருந்து பிறந்தது. 2006இல் அமெரிக்காவில் 222 பேரிடம் நடந்த ஆய்வு அந்தப் பயிற்சியின் பயனை உறுதிசெய்தது.

மனிதரில் இதன் மிகத் தெளிவான சாட்சி, இங்கிலாந்தின் ஐயன் வாட்டர்மன். 1971இல், தம் 19ஆவது வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுகையையும் கைகால் எங்கே இருக்கிறது என்ற உணர்வையும் அவர் இழந்தார். வலியும் சூடும் தெரிந்தன. தசைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எழுந்து உட்காரக்கூட இயலவில்லை. மாதக்கணக்கில் பயின்று, ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்யக் கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். நரம்பியலாளர் ஜொனதன் கோல் 1991இல் அவரைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். கட்டளை அனுப்ப முடிந்த ஒருவருக்கு, அந்தக் கட்டளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வழி இல்லாமல் போனதுதான் அவருடைய துயரம்.

இதே உண்மையை வேலூரில் இன்னொரு வழியில் ஒருவர் கண்டார். 1946இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறுகுகின்றன என்று ஆராய்ந்தார். சதை தானாக அழுகுவதில்லை. கிருமி கைகால் நரம்புகளைக் கெடுத்து உணர்வை எடுத்துவிடுகிறது, அதன்பின் காயங்கள் தெரியாமலே பெருகுகின்றன என்று நிறுவினார். நோயாளிகள் கருவிகளைத் தேவைக்கு மீறி அழுத்திப் பிடிப்பதையும் கவனித்தார். அந்த அழுத்தத்துக்கான காரணத்தை 1980களில் ஸ்வீடனின் உமேயா நகரில் ரோலண்ட் யோஹான்சனும் யோரன் வெஸ்ட்லிங்கும் அளந்து காட்டினார்கள். நாம் ஒரு பொருளைத் தூக்கும்போது விரல் நுனிகள் அதன் வழுவழுப்பை உணர்ந்து, வழுக்காமல் இருக்கத் தேவையானதற்குச் சற்றே கூடுதலான பிடியைத்தான் தருகின்றன. பொருள் நழுவத் தொடங்கினால் பத்தில் ஒரு நொடிக்குள் பிடி இறுகுகிறது; நழுவியது நமக்குத் தெரிவதற்கு முன்பே அது நடந்துவிடுகிறது. விரல்களை மரத்துப்போகச் செய்தால் பிடி தாறுமாறாகக் கூடுகிறது. பக்கவாதம் வந்தவரின் கை எவ்வளவு உயர்கிறது என்று எல்லாரும் பார்க்கிறோம். அந்தக் கை என்ன உணர்கிறது என்று கேட்பவர் குறைவு. அது பெரிய குறை.

வலியின் வாயில்

உணர்வை மேலிருந்து ஆள்வது எத்தனை தூரம் போகும் என்பதை வலிதான் காட்டியது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், கடுமையாகக் காயமுற்ற வீரர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் வலி மருந்து வேண்டாம் என்று சொன்னதை 1946இல் பதிவு செய்தார். அவர்களில் பலர் மணிக்கணக்கில் மார்ஃபின் பெறாதவர்கள். 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும், தண்டுவடத்தின் பின்கொம்பில் வலியைத் திறக்கவும் மூடவும் கூடிய ஒரு வாயில் இருக்கிறது, மூளை அதை மேலிருந்து இயக்க முடியும் என்று முன்மொழிந்தார்கள். அவர்கள் வரைந்த சுற்றின் நுணுக்கங்கள் பின்னால் திருத்தப்பட்டன. மூளை வலியைத் தண்டுவடத்திலேயே மாற்றுகிறது என்ற மையக் கருத்து நின்றது.

1969இல் டேவிட் ரெனால்ட்ஸ் எலியின் நடுமூளையில் ஒரு குறிப்பிட்ட பகுதியைத் தூண்டி, மயக்க மருந்தே இல்லாமல் வயிற்றில் அறுவை செய்தார். அந்தப் பகுதியிலிருந்து முகுளத்துக்கும், அங்கிருந்து பின்கொம்புக்கும் ஒரு பாதை இறங்குகிறது. ஹவார்ட் ஃபீல்ட்ஸ் குழுவினர் முகுளத்தில் இருவகை நரம்பணுக்களைக் கண்டார்கள். ஒருவகை, எலி சூட்டுக்கு வாலை இழுத்துக்கொள்ளும் முன் கிளர்ந்தெழுகிறது. மற்றது அந்தக் கணத்தில் அடங்குகிறது. முன்னது வலிக்கு வழிவிடுகிறது, பின்னது வழியடைக்கிறது. வாலை இழுக்கும் அசைவும் வலியின் நுழைவும் ஒரே அணுத்தொகுதியின் கையில் இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். சிகாகோவில் பெக்கி மேசன், எலி சிறுநீர் கழிக்கும் நேரத்திலும் இந்த அணுக்கள் மாறுவதைக் கண்டார். உயிருக்கு வேண்டிய ஒரு காரியம் நடக்கையில் சின்னச் சின்ன வலிகள் அதைக் குலைக்காதபடி தண்டுவடம் சற்றுக் காது கேளாததாகிறது.

பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு வெற்று மருந்து தந்த நிவாரணத்தை, அபின் வகையை முறிக்கும் நலோக்ஸோன் குறைத்துவிடுகிறது என்று 1978இல் லெவின், கோர்டன், ஃபீல்ட்ஸ் காட்டினார்கள். 2009இல் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் ஸ்கேனில் தண்டுவடத்தையே படம்பிடித்து, வலி தணியும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும்போது பின்கொம்பின் இயக்கமே குறைவதைக் கண்டார்கள். நம்பிக்கை மனத்தோடு நின்றுவிடவில்லை. கழுத்துத் தண்டுவடம் வரை இறங்கி வேலை செய்தது. சர்க்கரை நோயால் கால் எரிச்சல் வந்தவர்களுக்கு டுலாக்ஸெட்டின் மாத்திரை தருவது, இந்த இறங்கும் பாதைகள் பயன்படுத்தும் செரட்டோனின், நார்அட்ரினலின் இரண்டையும் கூட்டித் தணிப்பை வலுப்படுத்துவதற்காகவே.

இறங்கும் பாதை வலியைக் கூட்டவும் செய்யும். 2018இல் பாஸ்டனில் ஜிகாங் ஹே, கிளிஃபர்ட் வூல்ஃப் குழுவினர், நரம்பு சேதமடைந்து மெல்லிய தொடுகையே வலியாகிவிட்ட எலிகளில், உணர்வுப் பட்டையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இழைகளை அகற்றினார்கள். தொடுவலி குறைந்தது. அதே இழைகள் நலமான எலியில் மென்தொடுகையைக் கூர்மையாக்குபவை. தொடுகையைத் துல்லியமாகக் கேட்க உதவிய பாதை, நோயில் அதையே வேதனையாக ஒலிக்கச் செய்கிறது.

மின்சாரம் போடுவது போதாது

முதுகெலும்பு முறிந்து கால்கள் செயலிழந்தவர்களுக்குத் தண்டுவடத்தின் மேல் மின்முனை பொருத்தித் தூண்டும் சிகிச்சை கடந்த பதினைந்து ஆண்டுகளில் வேகமாக வளர்ந்தது. 2011இல் சூசன் ஹர்கெமா குழு, கால்கள் முற்றிலும் செயலிழந்த ஒருவர் தூண்டலின் உதவியோடு எழுந்து நின்றதை வெளியிட்டது. எலிகளில் தொடர்ச்சியான தூண்டல் அற்புதமாக வேலை செய்தது. மனிதரில் அதே அளவு பலன் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டவர்கள் சுவிட்சர்லாந்தின் லொசானில் இருந்தார்கள். 2018இல் ஃபோர்மென்டோ குழுவினர் காரணத்தைக் கண்டார்கள். மின்தூண்டல் முதலில் எழுப்புவது உணர்வு நரம்புகளை. மனிதக் கால் நீளமானது. காலிலிருந்து மேலே வரும் இயல்பான செய்தியும், மின்முனையிலிருந்து கீழ்நோக்கி ஓடும் துடிப்பும் வழியில் மோதி இரண்டும் அழிகின்றன. தூண்டல் ஓடிக்கொண்டிருக்கும்போது நோயாளிகள் தங்கள் கால் எந்தப் பக்கம் அசைகிறது என்றே சொல்ல முடியாமல் தவித்தார்கள். அசைவை மீட்கச் செய்த முயற்சி உணர்வை அழித்துக்கொண்டிருந்தது.

தீர்வு அங்கிருந்தே வந்தது. எப்போதும் மின்சாரம் செலுத்துவதற்குப் பதிலாக, நடையின் ஒவ்வொரு கட்டத்திலும் தேவைப்படும் தசைக்குரிய இடத்தில், தேவைப்படும் நேரத்தில் மட்டும் தூண்டினார்கள். அதே ஆண்டில் வாக்னர் குழு வெளியிட்ட ஆய்வில், நெடுநாள் பாதிக்கப்பட்டிருந்த மூவர் ஒரு வாரத்துக்குள் உடலைத் தாங்கும் உதவியோடு தரையில் நடக்கத் தொடங்கினார்கள். 2023இல் லொராக் குழுவினர் இன்னொரு படி போனார்கள். கழுத்துத் தண்டுவடம் ஓரளவு அறுபட்ட ஒரு நெதர்லாந்து நாட்டவரின் இயக்கப் பட்டையின் மேல் மின்முனைகளைப் பொருத்தி, அவர் நடக்க நினைக்கும்போது எழும் சைகைகளைக் கணினி வழியே இடுப்புத் தண்டுவடத் தூண்டலோடு இணைத்தார்கள். அவர் நின்றார், நடந்தார், படியேறினார். பயிற்சிக்குப் பின், கருவியை அணைத்துவிட்ட நிலையிலும் ஊன்றுகோல்களோடு நடந்தார். அசைவோடு கால்களின் உணர்வும் தேறியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். எஞ்சியிருந்த சில இழைகள், தங்களுக்கு ஒரு நோக்கமும் அதற்குப் பதிலாக வரும் ஒரு உணர்வும் மீண்டும் கிடைத்ததும், புதிய தொடர்புகளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர்களின் கணிப்பு.